உடைத்தவன் கையில் ரெஞ்சைக் கொடுங்கள்



ஆண்டு மலர் என்றால் தன்னம்பிக்கை, வேலைவாய்ப்பு என்று எழுதுவார்கள். நான் ஒரு தண்ணீர்க் குழாயைப் பற்றி எழுதப் போகிறேன். கோபிக்க வேண்டாம்.

சென்ற ஆண்டு நமது நாட்டு நலப்பணித் திட்ட அணி ஏழு நாள் முகாமுக்காக ஒரு கிராமத்துக்குப் போனது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஊர் ஆரம்பப் பள்ளியில் காலியாக இருந்த இரண்டு அறைகளில் தங்கினோம். ஐந்தாம் நாள் மாலை வாலிபால் ஆட்டத்தில் தகராறு. அந்த ஆத்திரத்தில் என் வகுப்புத் தோழன் ஒருவன் பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கும் குழாயை ஓங்கி உதைத்தான். பழைய ஜி.ஐ. பைப், உள்ளே எல்லாம் துரு. மரை இருந்த இடத்தோடு ஒடிந்தது. தொட்டித் தண்ணீர் முழுக்க மைதானத்தில் ஓடியது. மறுநாள் காலை சத்துணவு ஆயா தெருக்கோடி அடிபம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார். நாங்கள் மரக்கன்று நட்டுக்கொண்டிருந்தோம்!

அவன் ஓடி ஒளியவில்லை. அன்றிரவே, "சார், நான்தான் சார் உடைச்சேன்" என்று திட்ட அலுவலரிடம் சொல்லிவிட்டான். அப்போது அவனுக்கு வயது 17.

திரும்பி வந்ததும் அணிக் கூட்டம் நடந்தது. 5,000 ரூபாய் அபராதம், அணியிலிருந்து நீக்கம், அப்பாவை அழைத்து வர வேண்டும். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஏன் உதைத்தாய் என்று அவனை ஒருவரும் கேட்கவில்லை. எதிர்த்துப் பேசினால் என் சான்றிதழ் போய்விடுமோ என்ற பயம் எனக்கு. மறைக்க விரும்பவில்லை.

அவன் அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். வந்தவர் தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஐயா, புத்தியில்லாம பண்ணிட்டான், படிப்ப மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். என் அப்பா வந்தாலும் இப்படித்தான் நிற்பார் என்று அன்றைக்குத் தோன்றியது. அவன் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது.

தப்பு செய்தவன் அவன். தண்டனை யாருக்கு?

விடுதியில் இன்னொருவன் ஜன்னல் கண்ணாடியை உடைத்தான். வீட்டுக்கு ஒரு போன், சாயங்காலமே பணம் வந்தது. "அவ்ளோதானா மச்சி?" என்று சிரித்தான். அபராதம் என்பது ஒருவன் வீட்டில் தோடு, இன்னொருவன் வீட்டில் சில்லறை. (யார் உடைத்தது என்று தெரியாவிட்டால் எல்லோருடைய காஷன் டெபாசிட்டிலும் கை வைக்கும் வழக்கத்தைப் பற்றி எழுத இங்கே இடமில்லை.)

இப்படியே விட்டால் நாளைக்கு எல்லோரும் உடைப்பான் என்கிறார்கள் சில நண்பர்கள். விடச் சொல்லவில்லை! பொதுச்சொத்தைச் சேதப்படுத்துவது குற்றம்தான். அதற்கு 1984இல் மத்தியச் சட்டமும் 1992இல் தமிழ்நாட்டுச் சட்டமும் வந்திருக்கின்றன. ஆனால் 18 வயது நிறையாதவர்களுக்கான 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தையும் பாருங்கள். அதில் அபராதம் உண்டு. கூடவே அறிவுரை, ஆலோசனை, சமூக சேவை என்று பல வழிகளும் உண்டு. நீதிமன்றத்துக்கே இத்தனை வழி இருக்க, நம் அணிக்கு ஒரே வழிதானா? 1969இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய இத்திட்டத்தின் குறிக்கோளே 'நான் அல்ல, நீ' என்பது.

அபராதம் கட்டி மூன்று வாரமாகியும் பள்ளிக் குழாய் ஒடிந்தபடியே கிடந்தது. பணம் எந்தக் கணக்கில் போனதோ! ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவனும் நானும் சிவில் நண்பர்கள் இருவரும் போனோம். சாமான் செலவு 900 ரூபாய்க்குள் முடிந்தது, நால்வரும் பகிர்ந்துகொண்டோம். டை செட்டும் பைப் ரெஞ்சும் தெரிந்த பிளம்பரிடம் இரவல். அவன் போட்ட முதல் மரை கோணலாகப் போய் ஒழுகியது. அதை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி போட்டான். ஒர்க்‌ஷாப்பில் அவன் இவ்வளவு பொறுமையாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. முடிந்ததும் ஆயா வீட்டுக்குப் போய், "மன்னிச்சிடுங்கம்மா" என்றான். "கால வச்சிக்கிட்டு சும்மா இருடா இனிமே" என்று திட்டிவிட்டு டீ போட்டுக் கொடுத்தார்.

இதையே அன்று கூட்டத்தில் தண்டனையாகக் கொடுத்திருக்கலாம். நீயே சரிசெய், பாதிக்கப்பட்டவரிடம் நீயே போய்ச் சொல், அதோடு கணக்கு முடிந்தது, அடுத்த முகாமுக்கு வா. மறுபடியும் உடைத்தால் நீக்குங்கள், அப்போது நானே கை தூக்குகிறேன்.

இந்த ஆண்டு முகாமுக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகிறது. அவன் பெயர் அதில் இல்லை. சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கீழே இதுவரை மூன்று கையெழுத்து இருக்கிறது. தாள் என்னிடம்தான் உள்ளது, மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு, கடைசி பெஞ்ச்.