கம்பளத்துக்கு முன் மண்ணைப் பாருங்கள்

புனே மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

மாஞ்சரி, ஹடப்சர், வாகோலிப் பக்கம் எழும்பிவரும் குடியிருப்புகளில் விளையாட்டுத் திடல் என்றாலே இப்போது டர்ஃப் எனும் செயற்கைப் புல்தான். நாலு பக்கமும் வலை, மேலே விளக்கு, கீழே பச்சைக் கம்பளம். பள்ளி விட்டதும் பிள்ளைகள் பாக்ஸ் கிரிக்கெட்டுக்கு முறை வைத்துக் காத்திருக்கிறார்கள். அந்த ஆர்வம் வாழட்டும். என் கவலையெல்லாம் கம்பளத்துக்குக் கீழே இருக்கும் மண்ணைப் பற்றியது.

கரும்பும் திராட்சையும் விளைந்த பூமி இது. வசந்ததாதா சர்க்கரை நிறுவனமும் தேசிய திராட்சை ஆராய்ச்சி மையமும் மாஞ்சரியில்தான் இருக்கின்றன. தக்காணத்துக் கரும்பாறை சிதைந்து உண்டான இந்தக் கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் மிகுதி. மழை பெய்தால் நீரை உள்ளிழுத்து உப்பும். வெயில் ஏறினால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். விளைச்சலுக்கு வரமான இந்தக் குணம்தான் கட்டுமானத்தை உலுக்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை நனைந்து, ஏப்ரல், மே மாதங்களில் காய்ந்து, ஆண்டுதோறும் இந்த மண் அசைந்துகொண்டே இருக்கிறது.

அதன்மேல் கம்பளத்தை விரித்தால், நடுப்பகுதி மூடப்பட்டு ஈரம் காக்கும், ஓரம் காயும். நடு மேடாகி ஓரம் தாழும். அருகில் பெரிய மரம் இருந்தால் அந்தப் பக்கம் இன்னும் இறங்கும். நான் குடியிருக்கும் சொசைட்டியில் போட்ட திடல் இரண்டாவது மழைக்காலத்திலேயே அலை அலையாகிவிட்டது. வலைக் கம்பங்கள் சாய்ந்தன. கம்பளத்தின் ஒட்டு பிரிந்த இடத்தில் கால் மாட்டி ஒரு சிறுமி விழுந்தாள். ஒப்பந்தக்காரரைக் கேட்டால், உத்தரவாதம் இழைக்குத்தான், தரைக்கு இல்லை என்றார். மேலே இருப்பதற்குப் பொறுப்பேற்க ஆள் உண்டு. அதைத் தாங்குவதற்கு யாரும் இல்லை. இந்த இடைவெளியைத் தங்கள் அலுவலகத்தால் அடைக்க முடியும்.

கரிசலில் டர்ஃப் நிற்காது என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில், கரிசல் பூமியான எங்கள் ஊர் கோவில்பட்டியில் செயற்கை இழை ஹாக்கித் திடல் இருக்கிறது. 2022-இல் தேசிய ஜூனியர் ஹாக்கிப் போட்டியே அங்கு நடந்தது. முறையாகச் செய்தால் நிற்கும்.

அந்த முறையும் புதிதல்ல. முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2720, 40-ஆம் பகுதி சொல்லும் சோதனை மிக எளிது. சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு குடுவைகள்; ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். 24 மணி நேரம் கழித்துத் தண்ணீரில் மண் எவ்வளவு கூடுதலாக உப்பியிருக்கிறது என்று பார்த்தால் போதும். 50 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை. 100-ஐத் தாண்டினால் கரிசலை அகற்றாமல் வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து. பல லட்சம் ரூபாய் வேலைக்கு முன் இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு பொருட்டே அல்ல.

கரிசல் ஆழமில்லை என்றால், அடியில் சிதைந்த பாறைச் சரளையான முரூம் தட்டும்வரை தோண்டி எடுத்துவிடலாம். ஆழமானால், மும்பை பவாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். கே. கட்டி ஆராய்ந்து காட்டிய வழி இருக்கிறது: உப்பாத ஒட்டுமண்ணைச் சுமார் 1 மீட்டர் தடிமனுக்குப் பரப்பி இறுக்கினால் கீழுள்ள வீக்கம் அடங்கும். நம் மாநிலத்தில் பிறந்த அறிவு நம் பிள்ளைகளின் திடலுக்கு எட்டாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

தண்ணீர் விஷயத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கம்பளத்தில் ஓட்டை இருக்கிறது, நீர் கீழே போய்விடும் என்கிறார்கள். கீழே போய் எங்கே போகும்? களிமண் அதைக் குடித்து உப்பும். ஜல்லி அடுக்கின் அடியில் நீர் புகாத விரிப்பும், சரிவும், துளையிட்ட குழாய்களும் வைத்து நீரை வெளியே கொண்டுபோக வேண்டும். அந்தக் குழாய் மழைநீர்ச் சேகரிப்புக் குழியில் முடிய வேண்டும். தெருவில் விட்டால் அடுத்தவர் வாசலில் தேங்கும். 2019 செப்டம்பரில் ஆம்பில் ஓடை பெருக்கெடுத்ததைப் பார்த்த நகரத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மகாராஷ்டிரத்தின் 2020 ஒருங்கிணைந்த கட்டட விதிகள், 0.4 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் 10 சதவீதம் பொழுதுபோக்குத் திறந்தவெளி விடச் சொல்கின்றன. அந்த வெளி முழுவதையும் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டால் மரத்துக்கும் மண்ணில் விளையாடும் சின்னஞ்சிறிசுகளுக்கும் இடம் எங்கே? கோடை மதியத்தில் இந்த இழை 60 டிகிரிக்கு மேலும் சுடக்கூடும். இழைகளுக்கிடையே தூவும் ரப்பர்த் துகள்களை 2031-க்குப் பின் விற்கக் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இலேயே முடிவெடுத்துவிட்டது. இங்கே அவை மழையோடு முளா-முட்டா ஆற்றுக்குப் போகின்றன.

ஆகவே தங்களிடம் வேண்டுகிறேன். திறந்தவெளியில் டர்ஃப் அமைக்க விரும்பும் கட்டுநரோ குடியிருப்புச் சங்கமோ, மண் சோதனை அறிக்கையையும் வடிகால் வரைபடத்தையும் மாநகராட்சியில் தர வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். அடித்தளத்துக்கும் ஐந்தாண்டு உத்தரவாதம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். திறந்தவெளியில் பாதியாவது மண்ணாகவே இருக்கட்டும். சங்கச் செயலாளர்கள் படிக்கும்படி மராத்தியில் இரண்டு பக்க வழிகாட்டி போதும். திடல் வேலைகள் மழை நின்றதும் தொடங்குகின்றன. அதற்குள் சுற்றறிக்கை வந்துவிட்டால் இந்த ஆண்டு பணம் திரட்டும் சங்கங்களுக்கே அது பயன்படும்.

இப்படிக்கு,
புனேயில் வாழும் கோவில்பட்டிக்காரர் ஒருவர்