டிரம்ஸுக்குப் பத்து மைக் எதுக்குங்க?

டிரம்ஸ் ரெக்கார்ட் பண்ணப் பத்து மைக் வேணுமாம். காசில்லாத காலேஜ் பசங்களை இப்படித்தான் பயமுறுத்தி வீட்டுக்கு அனுப்புறாங்க. சுத்தப் பேத்தல்!

லெட் செப்பலினின் ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ (1971) கேட்டிருக்கீங்களா? இங்கிலாந்தின் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டுக் கூடத்தில் ஜான் போனம் வாசிக்க, என்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் மாடிப்படியிலிருந்து தொங்கவிட்டது இரண்டே மைக். எக்கோவும் கம்ப்ரஷனும் சேர்த்தாங்க, ஒத்துக்கறேன். ஆனா அந்த இடிமுழக்கம் கூடம் கொடுத்தது.

ஒலி ஒரு மீட்டர் போக சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகும். மைக் கூடக்கூட ஒரே அடி வெவ்வேறு நேரத்தில் பதிவாகும். சேர்த்துக் கலக்கினா ஒன்றையொன்று தின்னும். கிடார் ஆம்ப்பிலும் இடம்தான் முக்கியம்: ஸ்பீக்கர் நடுவில் வைத்தால் கூர்மை, ஓரத்துக்கு நகர்த்தினால் இதம்.

நகர்த்தறதுக்குக் காசா கேக்கறாங்க? இருக்கிற மைக்கை நகர்த்திப் பாருங்க மக்களே!