கதிர்காமம் நடந்த கால்களும் கயிலாயத்தின் காற்றும்

கோமாரியில் பெரியம்மாவின் வீட்டு மேசையில் ஒரு ஒக்சிமீற்றர் இருக்கிறது. கொரோனா காலத்தில் பொத்துவிலில் வாங்கியது. இப்போது தினமும் காலையில் விரலை வைத்துப் பார்க்கிறார். 98 காட்டுகிறது. "மூச்சுப் பயிற்சியும் செய்யிறன். கைலாயம் போறதுக்கு இது காணுந்தானே மனே?" என்று கேட்டார்.

யுத்தத்தில் காணாமல் போன மகனுக்காக அவர் வைத்த நேர்த்தி அது. ஒவ்வோர் ஆண்டும் உகந்தை, குமண காட்டு வழியே கதிர்காமத்துக்கு நடப்பவர். பயணச் செலவை வெளிநாட்டிலுள்ள மகள் அனுப்புகிறார்.

ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின்னர் 2025 ஜூனில் இந்திய அரசின் கயிலாய மானசரோவர் யாத்திரை மீண்டும் தொடங்கியது. அதில் இந்தியப் பிரஜைகள் மட்டுமே செல்லலாம். அவர்களுக்கு டில்லியிலும், பின்னர் வழியிலும் மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. தகுதி பெறாதவர் திருப்பி அனுப்பப்படுவார். நம்மவர்கள் பெரும்பாலும் காத்மண்டு வழியாகத் தனியார் முகவர்களுடன் செல்கிறார்கள். அங்கே எத்தனை நாளில் எவ்வளவு உயரம் ஏறுவது என்பதை முகவரின் பயண அட்டவணையே தீர்மானிக்கிறது.

இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலை 2,524 மீற்றர். மலை நோய் பொதுவாகத் தொடங்குவதே ஏறத்தாழ 2,500 மீற்றரில்தான். அதாவது, இந்த நோயை நமது ஊர்களில் எவரும் கண்டிருக்க வாய்ப்பில்லை. மானசரோவர் ஏரி ஏறத்தாழ 4,590 மீற்றர் உயரத்தில் உள்ளது. கயிலாயத்தைச் சுற்றும்போது கடக்கும் டோல்மா கணவாய் 5,600 மீற்றருக்கும் மேல். அங்கும் காற்றில் ஒட்சிசன் 21 வீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அவ்வாறே பாதியாகிறது.

மூச்சுப் பயிற்சி பயனற்றதல்ல. மெதுவாக ஆழ்ந்து மூச்செடுத்தால் குருதியிலுள்ள ஒட்சிசன் அளவு சற்று உயரும். பயிற்சியை நிறுத்தியதும் பழைய நிலைக்கே இறங்கும். வேகமாக இழுத்து விட்டால் காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறித் தலைசுற்றும், விரல்கள் விறைக்கும். முக்கியமாக, ஒட்சிசன் அதிகம் குறைவது தூக்கத்தில். தூங்கும்போது எவராலும் பயிற்சி செய்ய முடியாது.

ஒக்சிமீற்றரின் இலக்கத்தையும் அளவோடுதான் நம்பலாம். மானசரோவரில் நலமாக இருப்பவருக்கே 80களில் காட்டலாம். குளிரில் விறைத்த விரலும் நகப்பூச்சும் அளவைப் பிழையாக்கும். கருமையான தோலில் உண்மையை விட அதிகமாகவும் காட்டக்கூடும்.

உடலைப் பழக்குவது நாட்கள்தான். 3,000 மீற்றருக்கு மேல் ஒவ்வோர் இரவும் தூங்கும் இடத்தை 500 மீற்றருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பதே மலை மருத்துவத்தின் பொது விதி. நடந்து பழகிய கால்கள் இதற்கு விலக்குத் தராது. திடகாத்திரமான இளைஞர்களும் வேகமாக ஏறியதால் இறந்திருக்கிறார்கள். நெஞ்சில் காயப்பட்டவர்களும் நுரையீரலில் சன்னத்துண்டு உள்ளவர்களும் பணம் கட்டுமுன் வைத்தியரைக் காண வேண்டும்.

ஓய்விலும் மூச்சு வாங்குதல், நுரையுடன் இருமல், தள்ளாட்டம், பேச்சுக் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கீழே இறக்க வேண்டும். ஒட்சிசன் சிலிண்டர் இறங்கும் வரைக்குமான துணை மட்டுமே.

ஆகவே முகவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். 3,000 மீற்றருக்கு மேல் எந்தெந்த இடத்தில் எத்தனை இரவு? நள்ளிரவில் நோயாளியை இறக்க வாகனம் உண்டா? திரும்பி வருபவருடன் யார் வருவார்? பணம் அனுப்பும் பிள்ளைகளும் மலிவான பொதியைத் தேடாமல், கூடுதல் இரண்டு இரவுக்குச் செலவழியுங்கள்.

பெரியம்மாவின் நேர்த்தியை நான் தடுக்கவில்லை. மகளுக்குத் தொலைபேசி எடுத்து, அந்த இரண்டு இரவுகளைத்தான் கேட்டேன். ஒரு பிள்ளையைத் தேடி அலையும் வீடு அது. இன்னோர் இழப்பை அதனால் தாங்க இயலாது.