முதலில் தண்ணீர், பிறகு மீன்!



நம் நூலக வாசலில் மீன் தொட்டி வைப்பதென்று மாணவர் பேரவை முடிவு செய்திருக்கிறது. அதில் வளர்ப்பது ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்கள் என்பதும் முடிவாகிவிட்டது. மகிழ்ச்சி! ஆனால் முதலாண்டு மாணவர்களை வரவேற்கும் நாளில் தொட்டியைத் திறந்து, அன்றைக்கே மீன்களையும் விட்டுவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் எதிர்க்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நாம் வாங்கப்போகும் மீன்களின் பூர்வீகம் மலாவி ஏரி. மலாவி, மொசாம்பிக், தான்சானியா என மூன்று நாடுகள் அதன் கரையில் இருக்கின்றன. ஆழம் சுமார் 700 மீட்டர். அங்கே பாறை இடுக்குகளில் வாழ்ந்து, பாறைமேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் மீன்களுக்கு ‘ம்புனா’ என்று பெயர். மஞ்சளும் நீலமுமாகப் பார்க்கப் பார்க்க அலுக்காது. பெண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து, ஏறக்குறைய மூன்று வாரம் இரை எடுக்காமல் காக்கும்.

ஏரித் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, பி.எச். அளவு 8-ஐ ஒட்டி இருக்கும். நம் ஊர்களில் பல போர்வெல் தண்ணீரும் கடினமானதுதான். வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் சாட்சி! நாம் குறை சொல்லும் அந்தத் தண்ணீர் இந்த மீன்களுக்கு ஒத்துப்போகும்.

ஆனால் இங்கேதான் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. பி.எச். 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அந்த அமோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பில்டரிலும் கல்லிலும் குடியேறும் பாக்டீரியாக்கள். அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விட்டால், தன் கழிவிலேயே தான் மூச்சுத் திணற வேண்டியதுதான்.

விடுமுறையில் நான் ஒரு மீன் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே வருபவர்களிடம், “முதல்ல மலிவா நாலு மீன விடுங்க. செத்தாலும் பரவால்ல, தண்ணி பழகிடும். அப்புறம் நல்ல மீனா வாங்கிக்கலாம்” என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். என் மனம் ஒப்பவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். முதலில் போகிறவன் அடிபட்டால் பரவாயில்லை, பின்னால் வருகிறவன் நன்றாக இருப்பான் என்ற கணக்கு நமக்கே பிடிக்காதபோது, வாயில்லா மீனுக்கு மட்டும் அது எப்படிச் சரியாகும்?

என் அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் வயலில் தழையை மிதித்துவிட்டு உடனே நட மாட்டார். “தழை அழுகி அடங்கட்டும்டா. சூட்டோட நட்டா நாத்து கருகிடும்” என்பார். தொட்டிக்கும் அதே நியாயம்தான். மீன் இல்லாமல் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விட்டாலே அமோனியா வரும், பாக்டீரியாவும் பெருகும். பழைய தொட்டியில் ஊறிய ஸ்பாஞ்சை நம் பில்டரில் வைத்தால் இன்னும் சீக்கிரம் முடியும்.

அந்த ஆறு வாரத்தை வீணான காலம் என்று நினைக்காதீர்கள். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி சுமார் 255 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே கால் டன், கற்கள் தனி! ஸ்டாண்டை மெக்கானிக்கல் மாணவர்கள் வெல்டிங் செய்யட்டும். தரைமட்டத்தைச் சிவில் மாணவர்கள் பார்க்கட்டும். இந்த மீன்கள் மணலைத் தோண்டும். ஆகவே கற்களை முதலில் அடிக்கண்ணாடி மேல் அசையாமல் வைத்து, அப்புறம்தான் மணல் போட வேண்டும். வேதியியல் லேபில் இ.டி.டி.ஏ. கொண்டு கடினத்தன்மை பார்க்கிறோமே, அதை இந்தத் தண்ணீருக்கும் செய்வோம். புதிதாக வரும் தம்பி தங்கைகளும் கூட இருந்து பார்க்கட்டும்.

அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று சோதனையில் தெரிந்த பிறகு மீன் வாங்கலாம். சென்னை கொளத்தூரில் வளர்ப்புக் குஞ்சுகள் கிடைக்கும். மூன்று இனம் போதும். இனத்துக்கு ஓர் ஆண், மூன்று நான்கு பெண். சாதுவான மஞ்சள் லேபிடோக்ரோமிஸ் முதலில் இடம் பிடிக்கட்டும். சண்டைக்கார இனம் கடைசியில் வரட்டும். அழகாக இருக்கிறதே என்று தங்கமீனைச் சேர்க்க வேண்டாம். பாசி தின்னும் குடலுக்குப் புழுவையும் இறைச்சியையும் போட்டால் வயிறு உப்பிச் சாகும். காய்கறி கலந்த தீனியே போதும்.

தோழர்களே, இந்தத் தொட்டிக்கான பணம் நம் சந்தாப் பணம். கூலி வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோரின் பணம். அது ஒரே வாரத்தில் செத்து மிதக்கக் கூடாது. வரவேற்பு நாளில் கல்லும் தண்ணீரும் மட்டும் இருக்கும் தொட்டியைத் திறப்போம். “மீன் எங்கே?” என்று விருந்தினர் கேட்டால், “வீடு தயாராகிறது ஐயா” என்று தலைநிமிர்ந்து சொல்வோம்!