டேரியனில் நட்டப்பட்டவர் யார்?

டேரியன் குடியேற்றம் பற்றி எழுதப் புகும் பலரும் ஒரே வாக்கியத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள்: அத்தோல்வியால் ஸ்காட்லாந்து திவாலானது, ஆகவே 1707இல் இங்கிலாந்துடன் இணைந்தது. இலக்கணம் வழுவாத வாக்கியம்தான், எழுவாய்தான் பொய்.

மூழ்கியது நாடன்று, ஒரு நிறுவனம். 1695ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஸ்காட்லாந்து நிறுவனத்துக்கு 4,00,000 பவுண்டு தருவதாகக் கையொப்பமிட்டார்கள். உண்மையில் செலுத்தப்பட்டது ஏறத்தாழ 1,53,000. இட்டவர்களில் முதன்மையானோர் பிரபுக்கள், நிலக்கிழார்கள், வணிகர்கள். விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் வாட்டிய அந்த 1690களில் குடியானவனிடம் பங்கு வாங்கக் காசு ஏது?

அவன் உயிரைக் கொடுத்தான். 1698 ஜூலையில் லீத் துறைமுகத்திலிருந்து ஐந்து கப்பல்களில் ஏறத்தாழ 1,200 பேர் புறப்பட்டனர். ஸ்பெயின் உரிமை கொண்டாடிய, குணா மக்கள் வாழ்ந்திருந்த பனாமா மண்ணில் 'கலிடோனியா' என்று பெயர் சூட்டினர். காய்ச்சலும் பட்டினியும் அடுத்த ஆண்டே அவர்களைத் துரத்தின. அச்செய்தி உறுதிப்படுமுன் இரண்டாம் அணி கிளம்பிவிட்டது. 1700இல் அது ஸ்பானியரிடம் பணிந்தது. மாண்டவர் ஏறத்தாழ 2,000.

'இங்கிலாந்தின் சதி' என்பார்கள். உண்மை இல்லாமலில்லை. லண்டனில் திரட்டிய முதலீட்டை ஆங்கிலேய நாடாளுமன்றம் மிரட்டி விலக்கியது; தன் அமெரிக்கக் குடியேற்றங்கள் எவ்வுதவியும் செய்யலாகாதென்று வில்லியம் மன்னரின் அரசு தடுத்தது. அந்த ஆத்திரம் எங்கே போய் முடிந்தது? நம் மலபார்க் கரையில் வணிகம் செய்து திரும்பிய 'வொர்செஸ்டர்' கப்பலின் தலைவர் தாமஸ் கிரீன், செய்யாத கடற்கொள்ளைக்காக 1705இல் லீத்தில் தூக்கிலிடப்பட்டார். ஆனால் சதி என்ற சொல், கணக்கேட்டைப் புரட்டவிடாமல் நம் கையைப் பிடித்துக்கொள்கிறது.

இணைப்பு ஒப்பந்தத்தின் 15ஆம் பிரிவைப் படியுங்கள். இங்கிலாந்தின் பழைய கடனுக்கு ஸ்காட்லாந்தியரும் இனி வரி செலுத்த வேண்டும். அதற்கு ஈடாக 3,98,085 பவுண்டு 10 ஷில்லிங் தரப்படும். வரிச்சுமை எல்லார் தலையிலும். ஈட்டுத்தொகையிலிருந்தோ, டேரியன் பங்குதாரர்களுக்கு முதலும் ஆண்டுக்கு 5 சதவீத வட்டியும்! அப்பங்குதாரர்களில் பலர் இணைப்புக்கு வாக்களித்த எடின்பரோ நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்தவர்கள். வெளியே தெருவில் மக்கள் இணைப்பை எதிர்த்துக் கலகம் செய்துகொண்டிருந்தனர். மாண்டோரின் உயிருக்கு ஈடு சொல்லும் ஒரு வரியும் அப்பிரிவில் இல்லை. குணா மக்களைப் பற்றிய பேச்சே இல்லை.

ரொக்கம் போதாமல் ஈட்டுத்தொகையில் ஒரு பகுதி கடன் பத்திரங்களாகத் தரப்பட்டது. அப்பத்திரங்களை வைத்திருந்தோரின் அமைப்பிலிருந்தே 1727இல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து தோன்றியது.