சாய்கோட்டை ஏற்காத நிரல்

“தம்பி, என் பேரு தப்புன்னு சொல்லுது.” கெமாஸிலிருந்து அம்மா அழைத்தபோது நான் கோலாலம்பூரில் வேலையில் இருந்தேன். கைப்பேசியில் ஒரு படிவம் நிரப்பியிருக்கிறார். அடையாள அட்டையில் உள்ளபடியே, இன்னாரின் மகள் என்பதைக் குறிக்கும் ‘ஏ/பி’ போட்டிருக்கிறார். பெயரில் எழுத்துகள் மட்டுமே வரலாம் என்று படிவம் திருப்பிவிட்டது.

அந்தப் படிவத்தை யாரோ எழுதினார்கள். ஆனால் அதே விதியை நானும் எழுதியிருக்கிறேன்: ஏ முதல் இசட் வரை, இடைவெளி, வேறொன்றும் கூடாது. எங்கள் சோதனைப் பட்டியலில் இருந்தவர் ஜான் ஸ்மித். அவர் எப்போதும் தேறிவிடுவார்.

தோட்டத்துப் பெயர்கள் அப்படித் தேறுவதில்லை. மகனுக்கு ஏ/எல், மகளுக்கு ஏ/பி இருக்கும். இன்னொரு பெயரைச் சேர்க்க ‘@’ இருக்கும். அந்தக் காலத்தில் தோட்ட எழுத்தரான கிராணி காதில் விழுந்தபடி எழுதிவைத்ததால் ஒரே வீட்டில் லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி என்று மூன்று விதமாகப் பதிவாகியிருக்கும். அடையாள அட்டை எண்ணிலும் வம்பு உண்டு. அதன் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. 2003-இல் பிறந்த பிள்ளையின் எண் 03 என்று தொடங்கும். அதை எழுத்தாக வைக்காமல் எண்ணாகச் சேமித்தால் முன்சுழி உதிர்ந்து 11 இலக்கமாகிவிடும். பிள்ளையின் பதிவு கிடைக்காது.

நல்ல நிரலுக்கு மாறிகளுக்குத் தெளிவான பெயர், சிறு சிறு செயற்கூறுகள், சக ஊழியரின் சரிபார்ப்பு எல்லாம் வேண்டியவைதான். ஆனால் யாரை வைத்துச் சோதிக்கிறோம் என்பதிலிருந்தே தரம் தொடங்குகிறது என்பேன்.

எங்கள் நிரலைத் திருத்தப் போனபோது இன்னொன்று தெரிந்தது. அந்தப் பெயர் விதி ஆறு கோப்புகளில் ஒட்டிக் கிடந்தது. அம்மா பால்மரம் வெட்டியவர். கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையில் காயம் பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், பிறகு அதே பட்டையை வெட்ட வருகிறவருக்குக் கத்தி ஓடாது என்பார். நிரலும் அப்படித்தான். ஆறையும் அழித்து விதியை ஒரே இடத்தில் வைத்தேன். ஏன் சாய்கோட்டை அனுமதிக்கிறோம் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதினேன்.

இப்போது புகார் வந்தால் முதலில் அந்தப் பெயர் சோதனையாகிறது, பிறகே திருத்தம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் பட்டியல் முழுவதும் ஓடும். இந்தத் தொழிலில் இருக்கும் நம் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெயர்களை இப்படிச் சேர்க்க வேண்டும். எங்கள் பட்டியலின் முதல் வரியில் அம்மா இருக்கிறார்.