கலகக்காரரும் கற்ற பாடம்



ஆங்கிலேய ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் 2022 டிசம்பரில் தமது 81ஆம் வயதில் காலமானபோது, உலகம் அவரைக் கலகக்காரர் என்றே நினைவுகூர்ந்தது. ஒரு காலத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் அவர். 1970களில் லண்டன் கிங்ஸ் ரோட்டில் மால்கம் மெக்லாரனுடன் அவர் நடத்திய கடையில் விற்ற கிழிந்த சட்டைகளும் ஊக்குகளும் சங்கிலிகளுமே ‘பங்க்’ இளைஞர்களின் கோலமாயின. பெரியவர்களை அதிரச் செய்வதே அதன் நோக்கம். பிறர் பார்வையை இழுப்பதற்கென்றே அணியப்படும் ஆடையைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஆகவே அந்த நோக்கத்தில் நமக்கு உடன்பாடில்லை. அவருடைய ஆடைகள் பலவும் ஹயா எனும் நாண உணர்வுக்கு அப்பாற்பட்டவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் அவர் வாழ்வில் நாம் நின்று கவனிக்கத்தக்க திருப்பம் ஒன்று உண்டு. கிழிப்பதில் இருந்த புதுமை சில ஆண்டுகளிலேயே தீர்ந்துவிட்டது. அதன்பின் அவர் பழைய ஆடைகளைப் பயிலத் தொடங்கினார். ஆண்களின் ஆடைகள் முன்னாளில் எவ்வாறு வெட்டப்பட்டன என்பதை வரைபடங்களோடு விளக்கும் நோரா வாவின் நூலை வைத்துக்கொண்டு படித்தார். அக்காலச் சட்டை, சதுரமும் நீள்சதுரமுமான துண்டுகளால் ஆனது. துணி வீணாவதில்லை. அக்குளில் தைக்கப்படும் சிறு சதுரத் துண்டு, கையைத் தாராளமாக உயர்த்த இடம் தரும். (பழைய பாணிக் குர்த்தாக்களிலும் இதே உத்தியைக் காணலாம்.) இந்தப் பயிற்சியிலிருந்தே 1981இல் ‘பைரேட்ஸ்’ எனும் அவரது கடற்கொள்ளையர் ஆடைத் தொகுப்பு பிறந்தது. பின்னர் லண்டன் வாலஸ் கலெக்ஷன் அருங்காட்சியகத்தின் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களும் அவருக்குப் பாடமாயின. முன்னோரை மறுத்தவர், முன்னோரின் கத்தரிக்கோல் சென்ற வழியை அங்குலம் அங்குலமாகக் கற்றார்.

மத்ரஸாவில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு: “குர்ஆனும் ஹதீஸும் கையில் இருக்கும்போது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இமாம்கள் எழுதியதை ஏன் ஓத வேண்டும் உஸ்தாத்?” கேள்வி தவறன்று. நம்மில் பலர் பின்பற்றும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள், தம் ஆசிரியர் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களுக்கு மாற்றமான கருத்தைப் பல மஸ்அலாக்களில் சொன்னவர்களே. ஆனால் அதற்கு முன் இளமையிலேயே முவத்தாவை மனனம் செய்து, மதீனா சென்று, அவர்களிடமே ஓதினார்கள். கைப்பேசியில் இரண்டு காணொளிகளைப் பார்த்துவிட்டு மறுப்பதற்கும் இதற்கும் உள்ள தொலைவை என்னவென்பது!

கேள்வி கேட்கும் பிள்ளையை ‘எதிர்த்துப் பேசாதே’ என்று அடக்கிவிடும் பெற்றோரும் நம்மிடையே உள்ளனர். அடக்கப்பட்ட பிள்ளை கேட்பதை நிறுத்துவதில்லை. நம்மிடம் கேட்பதைத்தான் நிறுத்திவிடுகிறது. ஷவ்வாலில் புதிய பாட ஆண்டு தொடங்கும்போது அந்தக் கேள்வியையே முதல் நாள் பாடமாக வைக்க எண்ணியுள்ளோம், இன்ஷா அல்லாஹ்.